நூலகங்களிற் புதைந்த தமிழ்

புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் மண்ணுள் மறைந்த பொன்னும் மணியுமே நம் நினைவுக்கு வருகின்றன. பொற்புதையலைத் தோண்டுபவன் கற்றவனாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. மண்வெட்டி பிடிப்பவன் எவனாயினும், பொன் பொன்னாகவே அவன் கைக்கு வந்து சேரும். நூற்புதையலின் இயல்பு அத்தகையதன்று. வாசிக்க வல்லவன் கையை அடையும்வரை அது வெறுந் தாளாகவும் ஓலையாகவுமே கிடக்கும். பெரும் பல்கலைக்கழகமொன்றின் பூட்டிய அறையிலே பூச்சியரிக்காமல் நூற்றாண்டுக் கணக்காகப் பேணப்பட்டிருப்பினும், அதன் மொழி இன்னது, பொருள் இன்னது என்று அறிந்து சொல்லுவார் இல்லாதவிடத்து அது தொலைந்த நூலேயாகும்.

தமிழின் மிகப் பழைய அச்சு நூல்கள் சில இவ்வாறே மேலைநாட்டு நூலகங்களிற் பாதுகாப்பாக இருந்துகொண்டே தொலைந்திருந்தன. அவை கண்டெடுக்கப்பட்ட வரலாற்றை ஈண்டு நோக்குவாம். தொலைவிலுள்ள நாடுகளைப் பற்றிய வேடிக்கைக் கதையாக அதனைக் கொள்ளுதல் தகாது. இறக்காமம் முதலிய நம் கீழ்க்கரை ஊர்களின் வீட்டுப் பெட்டகங்களில் உறங்கும் ஏடுகளுக்கும் அவ்வரலாறு வழிகாட்டுகின்றது.

தமிழ்மொழியில் அச்சேறிய முதல் நூல் தமிழ் எழுத்தில் அச்சேறவில்லை. 1554ஆம் ஆண்டில், போர்த்துக்கல் நாட்டுத் தலைநகராகிய லிஸ்பனில், கிறித்தவ சமயத்தின் அடிப்படைச் செபங்களைக் கூறும் சிறு நூலொன்று வெளிவந்தது. விசென்தே தெ நாசரே, யோர்ஜ் கர்வால்யோ, தோமா த குருஸ் என்ற ஞானப்பெயர்களைத் தாங்கிய தமிழர் மூவர் அதனை ஆக்கினர். இலங்கையிற் பணிபுரிந்த யுவாம் தெ வில்லா தோ கொந்தே என்னும் துறவி அதனை மேற்பார்த்தார். தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட, அவற்றின் போர்த்துக்கேயப் பொருள் வரியிடையே தரப்பட்டது. நானூறு ஆண்டுக்கு முன்னர் நம் முன்னோர் ஒரு சொல்லை எவ்வாறு ஒலித்தனர் என்பதை அறியத் தமிழெழுத்து எப்போதும் உதவுவதில்லை. வல்லெழுத்து ஒன்றே இடத்துக்கேற்ப ஒலி வேறுபடுவதை நாம் அறிவோம். அந்நூலோ, கேட்ட ஒலியை அயலெழுத்தாற் குறித்துவைத்தமையால், பதினாறாம் நூற்றாண்டுத் தமிழர் பேச்சைச் செவிமடுக்க நமக்கு வாய்த்த ஒரு வாயிலாகின்றது.

தமிழ் எழுத்திலே அச்சேறிய முதல் நூல் அதற்கு 24 ஆண்டுகளின் பின்னர் வெளிவந்தது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே நெடுங்காலம் பணிபுரிந்த ஹென்றிக்கே ஹென்றிக்கசுப் பாதிரியார் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' என்னும் அந்நூல், 1578ஆம் ஆண்டு ஒற்றோபர் 20ஆந் திகதி கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அது 16 பக்கங்களே கொண்டது. அதன் இறுதிப் பக்கத்தில், 1577இற் கோவாவில் வார்க்கப்பட்ட எழுத்தும், 1578இற் கொல்லத்தில் வார்க்கப்பட்ட எழுத்தும் அடுத்தடுத்துக் காட்டப்பட்டுள்ளன. ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறப்பட்ட தமிழ் வடிவங்கள் ஈயத்துக்கு எவ்வாறு மாறின என்பதை அவ்வொரு பக்கம் நம் கண்முன் நிறுத்துகின்றது.

இந்நூலின் படி ஒன்று அமெரிக்காவிலுள்ள ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தை வந்தடைந்தது. அரிய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் பேணுதற்கென்றே 1942இல் அமைக்கப்பட்ட நூலகம் அது. யேசுசபை வரலாற்றிற் பேரறிஞராகிய கியோர்க் சூர்காமரும் கொத்திரெல் என்பாரும் அப்படியை ஆராய்ந்து, இந்திய எழுத்துக்களில் அச்சேறிய முதல் நூல் இதுவே என 1952இல் அந்நூலகத்தின் ஏட்டில் நிறுவினர். அதுகாறும் பாதிரிமாரின் கடிதக் குறிப்புகளைக் கொண்டு ஊகிக்கப்பட்டு வந்த செய்தி, அன்று கண்ணாற் கண்ட உண்மையாயிற்று.

இவ்வரிசையில் ஏனைய நூல்களும் பல திசைகளிற் சிதறிக் கிடந்தன. 1579இற் கொச்சியில் அச்சான 'கிறிசித்தியானி வணக்கம்' பரிஸ் மாநகரின் சோர்போன் பல்கலைக்கழக நூலகத்திற் கண்டறியப்பட்டது. 1580இல் வந்த 'கொம்பெசியொனாயரு' என்னும் பாவசங்கீர்த்தன நூல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்தில் உள்ளது. 1586இற் புன்னைக்காயலில் அச்சேறிய அடியார் வரலாற்று நூலின் படியொன்று வத்திக்கான் நூலகத்திற் காணப்பட்டது. ஹென்றிக்கசு எழுதிய தமிழ் இலக்கணமோ அச்சேறாது கையெழுத்துப் படியாகவே லிஸ்பன் தேசிய நூலகத்திற் கிடந்தது. தமிழகக் கரையிற் பிறந்த நூல்களைக் காணுதற்குத் தமிழர் ஐந்து நாடுகளுக்குச் செல்லவேண்டியிருந்தது.

இவற்றைத் தேடிச் சென்ற தமிழருள் முதன்மையானவர் நம் நாட்டவரே. யாழ்ப்பாணத்துக் கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயக அடிகள், இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளராயிருந்த காலத்தில், ஐரோப்பிய நூலகங்களிலுள்ள தமிழ்ச் சுவடிகளைத் தேடினார். தாம் கண்டவற்றை, தாமே 1952இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் ஏட்டில் 1954 முதல் வெளியிட்டார். லிஸ்பனில் 1554ஆம் ஆண்டு நூலைக் கண்டு தமிழுலகுக்கு அறிவித்தவரும் அவரே.

அடிகள் கண்டவற்றுள் நம் கருத்துக்கு மிகவும் உரியது வத்திக்கான் நூலகத்திலிருந்த ஓர் அகராதி. அந்தாம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, அவர் மறைந்த பின்னர் 1679இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்-போர்த்துக்கேய அகராதி அது. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது; வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு அரை நூற்றாண்டு முற்பட்டது. நிகண்டுகள் புலவர் சொல்லைத் தொகுத்தன. இவ்வகராதியோ வீட்டிலும் வீதியிலும் வயலிலும் வழங்கிய சொல்லையும் ஏற்றுக்கொண்டது. அறியப்பட்ட படியோ ஒன்றேயொன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியற் பேராசிரியராயிருந்தபோது, அடிகள் அவ்வொரு படியை நிழற்படமாக எடுப்பித்து, 1966இற் கோலாலம்பூரில் நூலாக வெளியிட்டார். முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் அவ்வாண்டில் அந்நகரிலேயே நடைபெற்றது. முந்நூறு ஆண்டுக் காலம் ஒரு பேழைக்குள் ஒன்றாயிருந்த நூல், அன்று முதல் பல நாட்டு நூலகங்களிற் பலவாயிற்று.

இனி, நூலகங்களிற் காவலரும் பட்டியலரும் இருந்தும் இந்நூல்கள் மறைந்திருந்ததற்குக் காரணம் யாதென்று வினவுதல் வேண்டும். முதற் காரணம் பெயர். போர்த்துக்கேயர் தமிழை 'மலபார்' மொழி என்றே பெரிதும் வழங்கினர். ஹென்றிக்கசின் இலக்கணம் மலபார் மொழியின் இலக்கணம் என்றே தலைப்பிடப்பட்டுள்ளது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் நெடுங்காலம் இவ்வழக்கையே பின்பற்றினர். ஆதலின், தமிழ் என்ற தலைப்பின்கீழ்த் தேடுபவன் வெறுங்கையோடு மீள்வான். பழைய பெயர்வழக்கை அறிந்தவனே பொருளைக் காண்பான். இரண்டாவது காரணம் எழுத்து. 1554ஆம் ஆண்டு நூல் உரோமன் எழுத்தில் உள்ளது. அதன் முகப்பு போர்த்துக்கேயத்தில் உள்ளது. எழுத்தை மட்டும் நோக்கும் பட்டியலர் அதனைப் போர்த்துக்கேய நூல்களோடு வைத்துவிடுவது இயல்பே. அந்த வரிகளை வாய்விட்டு வாசித்து, இஃது என் தாய்மொழி என்று சொல்லத்தக்க ஒருவர் அவ்வறைக்குள் நுழையும்வரை, அந்நூலின் மொழி அதன் எழுத்துக்குள்ளேயே மறைந்திருந்தது.

கண்டெடுத்தல் என்பது இங்கே மூன்று செயல்களாக விரிகின்றது. நூலை வாசிக்க வல்லார் ஒருவர் அதனை அடைதல் ஒன்று. அவர் அதற்குத் தக்க பெயரிட்டுப் பட்டியலில் ஏற்றுதல் இரண்டு. ஒரு படி பல படியாதல் மூன்று. இம்மூன்றில் ஒன்று குறையினும் புதையல் மீண்டும் புதைந்துவிடும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் அவ்வாண்டிலேயே சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தபோது ஆற்றிய தொண்டும் இதுவே. அவர்கள் தேடிய இடங்கள் மடங்களும் வீடுகளும். அடிகள் தேடிய இடங்கள் பல்கலைக்கழகங்களும் அரண்மனை நூலகங்களும். இடம் வேறாயினும் தொழில் ஒன்றே.

இக்கருத்தோடு நம் கீழ்க்கரைக்கு வருவோம். வயலும் குளமும் சூழ்ந்த இறக்காமம், கல்முனைக் கரையோர ஊர்களுக்கு உள்நாட்டில் அமைந்த, தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர். இவ்வூரையும் இதன் அயலூர்களையும் பழைய ஆவணங்களிற் காண விழையும் மாணவன், அம்பாறை என்ற தலைப்பைப் புரட்டிப் பயனில்லை. அம்பாறை மாவட்டம் 1961இலேயே தனியாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆவணங்கள் யாவும் மட்டக்களப்பு என்ற பெயரிலேயே உள்ளன. லிஸ்பனில் 'மலபார்' என்ற சொல் திறந்த கதவை இங்கே 'மட்டக்களப்பு' என்ற சொல் திறக்கின்றது.

இப்பகுதி முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எடுத்தாளும் செய்தியொன்று உண்டு. 1626இற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சோனகரை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான் என்பதும், அவருள் 4000 பேரை மட்டக்களப்பில் நிறுத்தினான் என்பதுமே அது. இதற்குச் சான்று குவேறோஸ் பாதிரியாரின் நூல். இலங்கையைக் கண்ணாற் காணாத அவர், கோவாவிலிருந்து அதனை எழுதி, 1688இல் மறைந்தார். அவருடைய நூல் அச்சேறாது, கையெழுத்துப் படியாகப் பிரேசில் நாட்டு ரியோ டி ஜனைரோ நகரிற் கிடந்தது. அதன் போர்த்துக்கேய மூலம் 1916இற் கொழும்பில் அச்சிடப்பட்டது, எஸ். ஜி. பெரேரா பாதிரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் வெளிவந்தது. நம் வயல்வெளிகளின் வரலாற்றுக்குரிய ஒரு வரியைப் படிக்க, நாம் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள ஒரு நகரை எதிர்பார்த்திருந்தோம்.

அவ்வரியை அப்படியே ஏற்பதும் முறையன்று. எழுதியவர் சோனகரைத் தம் நாட்டின் பகைவராகக் கண்டவர். எண்ணிக்கையைக் கேட்டு எழுதியவர். செனரத்தின் காலத்துக்கு முன்னரே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்திருத்தல் கூடும் என்ற வினாவுக்கு அவரிடம் விடை தேடுதல் வீண். அதற்கு உள்ளூர் ஏடுகள் வேண்டும். எவ். எக்ஸ். சீ. நடராசா அவர்கள் ஏட்டுப் பிரதிகளைக்கொண்டு 1962இற் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' அத்தகைய ஏடுகளின் பயனை நமக்குக் காட்டியது. அந்நூலிலும் புராணமும் வரலாறும் விரவியுள்ளன. காலக் கணக்கை ஆராய்ந்தே கொள்ளவேண்டும். ஆயினும் குடிகள், ஊர்கள், கோயில் உரிமைகள் முதலியவற்றைப் பற்றி உள்ளூரார் தம்மைப்பற்றித் தாமே கூறிய கூற்று அது. அயலார் எழுதியதையும் அகத்தார் எழுதியதையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே வரலாறு ஒருவாறு தெளிவடையும்.

முஸ்லிம் ஊர்களின் அகத்தார் எழுதியவை எங்கே உள்ளன? அவற்றுட் பல அரபுத் தமிழில் உள்ளன. அரபுத் தமிழ் என்பது தமிழ்மொழியை அரபு எழுத்தால் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களிற் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துக்களை அமைத்தனர். காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கைக் கரை வரை இம்முறை வழங்கியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமும், பேருவளை ஷெய்கு முஸ்தபா அவர்களும் மார்க்க நூல்களை இவ்வெழுத்தில் எழுதினர். தமிழெழுத்தைப் பள்ளியிற் கற்க வாய்ப்பில்லாத பெண்களும், ஓதற் பள்ளியிற் பயின்ற அரபு எழுத்தின் துணையால், இவற்றை வாசித்துணர்ந்தனர். மார்க்கச் சட்டம், பாடல், மருத்துவக் குறிப்பு, கடிதம், குடும்பக் கணக்கு எனப் பலவும் இவ்வெழுத்தில் எழுதப்படலாயின.

லிஸ்பன் நூலின் கதையை இங்கே மீண்டும் நினைவுகூர்க. அங்கே தமிழ் உரோமன் எழுத்துக்குள் மறைந்திருந்தது. இங்கே தமிழ் அரபு எழுத்துக்குள் மறைந்திருக்கின்றது. தமிழ் மட்டும் அறிந்த பட்டியலர் இவ்வேட்டைப் புரட்டி, இஃது அரபு நூல் என்று ஒதுக்குவார். அரபு மட்டும் அறிந்த ஆலிம் இதனை வாசிக்கத் தொடங்கி, சொல் விளங்காது, பிழைபட்ட அரபு என்று மூடிவைப்பார். இருவர் கையிலும் நூல் இருக்கும். இருவருக்கும் அது கிட்டாது. எழுத்தையும் மொழியையும் ஒருங்கறிந்தவர் வாசித்தாலன்றி அது வாய் திறக்காது. அவ்வாறு வாசிக்க வல்லவர்கள் இன்று பெரும்பாலும் முதியோர். இளைஞர் தமிழைத் தமிழெழுத்தில் மட்டுமே கற்கின்றனர். ஏடு அழிவதற்கு முன்னரே அதனை வாசிக்கும் கண் அருகி வருகின்றது. செல்லரித்த ஏட்டின் எஞ்சிய பகுதியையேனும் வாசிக்கலாம். வாசிப்பார் அற்ற ஏடு முழுமையாக இருந்தும் பயனில்லை.

இத்துறையிலே சமய வேறுபாடு கடந்த நட்பின் பயனையும் நாம் கண்டுள்ளோம். கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியரானார். இந்துத் துறவியாகிய அவரே, தம்மிடம் வந்த முஸ்லிம் மாணவர் ம. மு. உவைஸ் அவர்களை இஸ்லாமியத் தமிழிலக்கியத்தை ஆராயுமாறு ஊக்கினார். உவைஸின் ஆய்வு 1953இல் நூலாயிற்று. அவர் பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென நிறுவப்பட்ட இருக்கையின் முதற் பேராசிரியராகி, மறைந்துகிடந்த நூல்களின் பெயர்களைத் தொகுப்பதிற் பெரும்பாடுபட்டார். ஆசிரியர் ஒருவர் வினவிய ஒரு வினா, ஒரு நூற்றொகுதியையே வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது.

ஏடுகளைப் பெரிய நூலகம் ஒன்றிற் சேர்த்துவிட்டாற் கவலையில்லை எனச் சிலர் கருதுவர். 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்கு இடப்பட்ட தீ, அக்கருத்தை என்றைக்குமாகப் பொய்யாக்கியது. 97,000 நூல்கள் எரிந்தன என்பர். அவற்றுள் வேறிடத்திற் படியுள்ள நூல்களை மீண்டும் வாங்கலாம்; படியில்லாத ஏடுகளும் கையெழுத்துக்களும் சாம்பலோடு முடிந்தன. வத்திக்கானிலிருந்த ஒற்றை அகராதிக்கு நிழற்படப் படி வாய்த்தது. யாழ்ப்பாணத்து ஏடுகள் பலவற்றுக்கு அது வாய்க்கவில்லை. நம் கரையோ இயற்கையின் சீற்றத்துக்கும் ஆளானது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோயிற்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கல்முனைக் கரையூர்களின் வீடுகளையே கொண்டுபோயிற்று. உள்நாட்டில் அமைந்த இறக்காமத்தைக் கடல் எட்டவில்லை. எனினும் கறையானுக்கும் ஈரத்துக்கும் அவ்வூர் தொலைவன்று.

இன்று நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்புகள் முன்னோருக்கு இல்லாதவை. 1995இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், இறக்காமத்துக்கு அண்மையிலேயே, உள்ளது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் எவரும் இலவசமாகக் காணச் செய்துள்ளது. ஏட்டை உடையவரின் வீட்டிலிருந்து அகற்றாமலே, அரை நாளில் அதன் பக்கங்கள் யாவற்றையும் படமெடுத்துவிடலாம். பாட்டனார் கைப்பட எழுதிய ஏட்டைப் பிரிய மனமில்லாத குடும்பத்தாரிடம் ஏட்டைக் கேட்பதற்கு இப்போது நியாயமில்லை. படிக்கு இசைவு கேட்டாற் போதும்.

ஆயினும் படம் எடுப்பது மூன்றாவது செயலே. முதலிரண்டும் மனிதரால் ஆகவேண்டியவை. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் நன்று. வீட்டிலோ அயலிலோ பழைய ஏடு ஒன்று காணப்படின், அது ஓலையா தாளா, எத்தனை இதழ் கொண்டது, எவ்வெழுத்தில் எழுதப்பட்டது, எம்மொழியில் அமைந்தது, முதல் வரியும் இறுதி வரியும் யாவை, எழுதியவர் பெயரும் ஆண்டும் உளவோ என்பவற்றைக் குறித்துக்கொள்க. எழுத்து, மொழி என்னும் இரண்டையும் தனித்தனியே குறித்தல் இன்றியமையாதது. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட பிழையாலேயே பல நூல்கள் மறைந்தன. அரபுத் தமிழ் ஏடாயின், அதனை வாசிக்கவல்ல முதியவரை அணுகி, அவர் வாசிக்கும் குரலையும் பதிவுசெய்க. காணி உறுதியும், பரிகாரியாரின் வாகடமும், வட்டைக் கணக்கும், மணப்பதிவும் இலக்கியமல்ல என்று ஒதுக்கற்க. ஊரின் வரலாறு அவற்றிலும் எழுதப்பட்டுள்ளது.

தனிநாயக அடிகள் வத்திக்கானின் கதவைத் திறந்தபோது அவர் கையிலிருந்த திறவுகோல், தாய்மொழியை வாசிக்கும் ஆற்றலே. அவர் ஏறிய கப்பலில் நாம் ஏறவேண்டுவதில்லை. இறக்காமத்து வீடொன்றின் பெட்டகத்தருகே, கண்ணாடி அணிந்து, விரலால் வரி தொட்டு, அரபு எழுத்திலே தமிழை வாசிக்கும் மூதாட்டி ஒருவர் இருப்பாராயின், அவ்வீடே நூலகமும் அவரே நூலகருமாவர். அவர் அருகே அமர்ந்து கேட்டு எழுதும் மாணவர் எத்தனைபேர் என்பதே இன்றைய வினா. அவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவர்கள் இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் இளைஞரே.